மழை, உப்புக் காற்று, இறக்கம்: குமரி மாவட்டத்தில் சைக்கிளுக்கு எந்த பிரேக்?

புது சைக்கிள் பார்க்கப் போனால் கடைக்காரர் வாயிலிருந்து முதலில் வருவது "டபுள் டிஸ்க் இருக்கு" என்பதுதான். எந்த மாதிரி டிஸ்க் என்று அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஆனால் கேபிளால் இழுபடும் மலிவு டிஸ்க்குக்கும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம், ரிம் பிரேக்குக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல ரிம் பிரேக், மட்டமான கேபிள் டிஸ்க்கைவிட மேல். நல்ல ஹைட்ராலிக் இரண்டையும்விட மேல், ஆனால் அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும்.

குலசேகரம் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர், குளச்சலில் கடலுக்கு முந்நூறடி தள்ளிக் குடியிருப்பவர், நாகர்கோவிலுக்குள் பள்ளிக்கும் டியூஷனுக்கும் பிள்ளையை அனுப்புகிறவர், மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் மழை. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. எடவப்பாதி தொடங்கி ஜூன், ஜூலை முழுக்கச் சாரல், அப்புறம் அக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்க்கும். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் போகப்போக மழை கூடும். ஆக வருஷத்தில் பல மாதம் நனைந்த பிரேக்கோடுதான் ஓட்டுகிறோம்.

அடுத்தது கடல். நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை கரையோரமாகவே ஊர்கள். உப்புக் காற்று கேபிளையும் போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் சத்தமில்லாமல் தின்றுவிடும். மணவாளக்குறிச்சி பக்கத்து மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் பொருள். அது பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டால் ரிம்மை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இறக்கம். நாகர்கோவில், சுசீந்திரம், கன்னியாகுமரி பக்கம் ஏறக்குறைய சமதளம். மார்த்தாண்டத்தைத் தாண்டி கருங்கல், அருமனை போனால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் ஓயாது. பேச்சிப்பாறை, கீரிப்பாறை, பத்துகாணி என்றால் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கும் இடங்கள் உண்டு, வளைவில் ரப்பர் இலையும் பாசியும் கிடக்கும்.

நான்காவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை: பழுதானால் யார் பார்ப்பார்கள்? எந்த ஊர் பஞ்சர் கடையிலும் பிரேக் கட்டை மாட்டித் தருவார்கள். ஹைட்ராலிக்கில் காற்றெடுக்க, அதாவது ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டத்தில் அது தெரிந்த கடையைத் தேட வேண்டியிருக்கும், இல்லையென்றால் திருவனந்தபுரம். ஆகவே விலைச்சீட்டைப் பார்க்கும்போதே இந்த அலைச்சலையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

## ரிம் பிரேக்

சக்கரத்தின் ரிம்மை இரண்டு ரப்பர் கட்டைகள் இரு பக்கமும் பிடிப்பது. அரசு தரும் பிளஸ் ஒன் சைக்கிளில் இருப்பதும் இந்த வகைதான். ஆனால் எல்லா ரிம் பிரேக்கும் ஒன்றல்ல. பழைய கம்பி பிரேக்கும் குரோம் பூசிய இரும்பு ரிம்மும் சேர்ந்த சைக்கிள் மழையில் நிற்கவே நிற்காது, அதை ஒப்பீட்டில் சேர்ப்பதே வீண். அலுமினிய ரிம்மில் மாட்டிய நல்ல வி-பிரேக்கைத்தான், அதாவது சக்கரத்தின் இரு பக்கமும் நிற்கும் நீண்ட கைகளைக் கேபிள் சேர்த்து இழுக்கும் வகையைத்தான், இங்கே பேசுகிறேன்.

காய்ந்த ரோட்டில் வி-பிரேக்குக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின் சக்கரத்தை உருளவிடாமல் பூட்டும் பலம் அதற்கு உண்டு, அதற்கு மேல் எந்த பிரேக்காலும் ஒன்றும் செய்ய முடியாது, மீதி டயரின் பிடிப்பு. மழையில்தான் சிக்கல். கட்டை முதலில் ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைக்க வேண்டும், அந்தச் சக்கரச் சுற்று முடிகிற வரைக்கும் பிரேக் பிடித்த மாதிரியே இருக்காது. குழித்துறை சந்திப்பில் பஸ் திடீரென்று நின்றால் அந்த ஒரு சுற்று பெரிய விஷயம். தெரிந்தவர்கள் நனைந்த ரோட்டில் அவ்வப்போது லேசாகப் பிரேக்கைத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். இந்தப் பழக்கம் இருந்தால் பாதிக் குறை போய்விடும்.

செலவைப் பார்த்தால் கட்டை ஒரு ஜோடி 100–200 ரூபாய்க்குள் கிடைத்துவிடும், கேபிள் அதைவிடக் குறைவு. மறைந்திருக்கும் செலவு ரிம்தான். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் ரிம் தேய்கிறது. பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடோ சின்னக் குழியோ இருக்கும், அது மறைந்துவிட்டால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. மறையும்வரை ஓட்டிவிட்டு அதற்கப்புறமும் ஓட்டினால், ஒருநாள் காற்றழுத்தத்தில் ரிம் பிளந்துகொள்ளும். அப்போது ரிம், போக்ஸ் கம்பி, வீல் கட்டும் கூலி எல்லாம் சேரும். கடற்கரை மணலில் ஓட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை கட்டையைப் பார்த்து, உள்ளே பதிந்திருக்கும் மணலையும் உலோகத் துகளையும் ஊசியால் கிண்டி எடுத்தால் ரிம் நாள்படும். இன்னொன்று, சக்கரத்தில் லேசான கோட்டம் இருந்தாலும் கட்டை உரசும், கோட்டம் எடுக்காமல் பிரேக்கைச் சரிசெய்யவே முடியாது.

## கேபிள் டிஸ்க்

மெக்கானிக்கல் டிஸ்க் என்பார்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு சேர்ந்து சுற்றும் எஃகுத் தகட்டை, அதாவது ரோட்டரை, காலிப்பர் என்ற கிடுக்கி பிடிக்கும். இழுப்பது சாதாரண கேபிள். ரோட்டர் தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் சேறு குறைவு, துளைகள் வழியாகத் தண்ணீர் வெளியேறிவிடும், மழையில் பிடிப்பு சீக்கிரம் கிடைக்கும். ரிம் தேயாது, கோட்டமான சக்கரத்தோடும் வீடு வந்து சேரலாம். இவை நிஜமான நன்மைகள்.

பிரச்சினை எங்கே என்றால், குறைந்த விலை சைக்கிள்களில் வரும் காலிப்பரில் ஒரு பக்கப் பேட், அதாவது ரோட்டரை உரசும் கட்டை, மட்டும்தான் நகரும். அது ரோட்டரை வளைத்துக்கொண்டு போய் மறுபக்க நிலையான பேடில் அழுத்தும். பேட் தேயத்தேய லிவர் கைப்பிடியை நோக்கி வந்துகொண்டே இருக்கும், கேபிள் பிரேக் தானாகச் சரிசெய்துகொள்ளாது. கடையில் என்ன செய்கிறார்கள் என்றால் கேபிளை மட்டும் இழுத்து இறுக்கிவிடுகிறார்கள். நாலைந்து முறை அப்படிச் செய்தால் காலிப்பரின் கை தன் ஓட்டத்தில் பாதியை முன்னரே முடித்துவிடும், லிவர் இறுக்கமாகத் தெரியும், பிரேக் மட்டும் பிடிக்காது. சரியான முறை வேறு: நிலையான பேடை அலன் கீயால் ரோட்டருக்குத் தலைமயிர் அளவு இடைவெளி வரும்வரை உள்ளே தள்ள வேண்டும், அதற்கப்புறம் நகரும் பக்கம், கடைசியில்தான் கேபிள்.

கடற்கரையில் இதன் எதிரி துரு. கேபிளின் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து, அவுட்டர் எனும் வெளியுறைக்குள் ஒட்டிக்கொள்ளும், காலிப்பரின் கையும் இறுகிவிடும். பிடித்தால் பிடிக்கும், விட்டால் திரும்பாது. முட்டம், தேங்காய்பட்டணம் மாதிரி ஊர்களில் வருஷம் ஒருமுறை கேபிளும் அவுட்டரும் மாற்றுவதை வாடகை கட்டுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள்.

இருந்தும் ஒருவருக்கு இது முதல் தேர்வு: நீண்டதூரம் போகிறவர். ஸ்ரீநகரிலிருந்து நம் கன்னியாகுமரி வரும் தேசிய நெடுஞ்சாலை 44-ன் நீளம் சுமார் 3,700 கிலோமீட்டர். அந்தப் பாதையில் எந்தச் சிற்றூரில் கேபிள் அறுந்தாலும் மாற்றிவிடலாம், ஹைட்ராலிக் லைன், அதாவது ஆயில் குழாய், கிழிந்தால் முடியாது. ஆனால் அவர்கள் வாங்குவது இரண்டு பேடும் நகரும் நல்ல ரகம், அழுத்தத்தில் சுருங்காத அவுட்டரோடு. ஷோரூம் வாசலில் நிற்கும் மலிவு டிஸ்க்கைப் பார்த்து அதே பேரைச் சொல்லக் கூடாது.

லிவர் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். வி-பிரேக், மலை சைக்கிள் டிஸ்க் இவற்றின் லிவர் கேபிளை அதிக நீளம் இழுக்கும், பழைய காலிப்பர் வகை ரிம் பிரேக்கின் லிவர் குறைவாக இழுக்கும். மாற்றி மாட்டினால் ஒன்று பிடிக்காது, இல்லையென்றால் சட்டென்று பூட்டும். கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் நம்பாதீர்கள்.

## ஹைட்ராலிக் டிஸ்க்

லிவரை அழுத்தினால் குழாயிலுள்ள ஆயில் இரண்டு பக்கப் பிஸ்டனையும் தள்ளும். ஒரு விரல் போதும். நீண்ட இறக்கத்தில் கை வலிக்காது, எவ்வளவு பிடிக்கிறோம் என்பது விரலில் தெளிவாகத் தெரியும். பத்துகாணியிலிருந்து மழையில் இறங்கும்போது இந்தத் தெளிவுதான் பலத்தைவிட முக்கியம், ஏனென்றால் பூட்டிப்போன சக்கரம் வழுக்கும். லைன் மூடியிருப்பதால் உப்புக் காற்று உள்ளே போக வழியில்லை, கேபிள் துரு என்ற பேச்சே இல்லை. கடலோரத்துக்காரருக்கு நான் ஹைட்ராலிக்கைச் சொல்ல முதல் காரணம் இதுதான், வேகமும் பலமும் அப்புறம்.

பேட் தேய்ந்தாலும் பிஸ்டன் தானாக முன்னேறி ஈடுகட்டிவிடும். இது வசதி மாதிரித் தெரியும், இதுவே ஆபத்தும். லிவர் கடைசிவரை ஒரே மாதிரி இருப்பதால் பேட் தீர்ந்தது தெரியவே தெரியாது, ஒருநாள் இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் வரும், அதற்குள் ரோட்டரும் போயிருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை டார்ச் அடித்துக் காலிப்பருக்குள் பாருங்கள். பேடில் உராயும் பகுதி 1 மில்லிமீட்டர் வந்ததும் புதிது வாங்கி வையுங்கள். 0.5 என்பது பிரேக் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனமே சொல்லும் கடைசி எல்லை.

அடுத்த ஆபத்து ஆயில். ஷிமானோ, டெக்ட்ரோ போன்றவை மினரல் ஆயில் கேட்கும். ஸ்ராம் பிரேக்குகளில் பல, மோட்டார் பைக் பிரேக்கில் ஊற்றும் டாட் (DOT) ஆயில் கேட்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது, மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் உப்பிக் கெட்டுவிடும், பிரேக் முழுவதும் குப்பை. நம் ஊரில் பைக் மெக்கானிக்கிடம் கொண்டு போனால் அவர் கையில் இருப்பது டாட் 4 தான், நல்ல எண்ணத்தோடுதான் ஊற்றுவார். லிவர் மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாட் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஈரப்பதத்தில் வருஷம் ஒருமுறை மாற்றுவது நல்லது. பெயின்டையும் அரிக்கும். மினரல் ஆயிலுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது லிவரை அழுத்தாதீர்கள், பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நாகர்கோவில் ஸ்டேஷனில் பார்சல் போடுகிறவர்கள் இடையில் கெட்டியான அட்டையை மடித்துச் செருகிவிடுவது நல்லது, ரோட்டரையும் கழற்றி எடுத்துக்கொண்டால் வளையாது. வெகுநேரம் தலைகீழாக வைத்திருந்தால் லிவரிலுள்ள காற்று லைனுக்குள் போகலாம். நிமிர்த்தியதும் லிவர் மெத்தென்று உள்ளே போனால், கெட்டியாகும்வரை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கெட்டியாகாவிட்டால் தள்ளிக்கொண்டு போங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | நல்ல வி-பிரேக் | கேபிள் டிஸ்க் | ஹைட்ராலிக் |
|---|---|---|---|
| மழை | முதல் சுற்று பிடிக்காது | நன்று | மிக நன்று |
| உப்புக் காற்று | கேபிள் துரு | கேபிளும் காலிப்பரும் துரு | லைனுக்குப் பயமில்லை |
| மணல், சேறு | ரிம் தேயும் | பேட் தேயும் | பேட் தேயும், பிஸ்டன் இறுகலாம் |
| நீண்ட இறக்கம் | ரிம் சூடாகும், கை வலிக்கும் | கை வலிக்கும் | வசதி |
| பழுது பார்க்க ஆள் | எங்கும் | பல இடம், சரியாகச் செய்வோர் சிலர் | நகரத்தில் மட்டும் |
| மறைந்த செலவு | ரிம் | அடிக்கடி சரிசெய்தல், கேபிள் | காற்றெடுப்பது, ஆயில், அலைச்சல் |

## ரெசின் பேடா, மெட்டல் பேடா?

டிஸ்க் என்று முடிவானதும் வரும் இரண்டாவது குழப்பம். ரெசின் பேட் மென்மை, சத்தம் குறைவு, முதல் பிடியிலேயே நன்றாகப் பிடிக்கும். ஆனால் சேறும் மணலும் கலந்த மழையில் மளமளவென்று கரையும், சூட்டில் பிடிப்பும் குறையும். மெட்டல் பேட் நெடுநாள் வரும், மழைக்கும் இறக்கத்துக்கும் ஏற்றது, கத்தும், ரோட்டரையும் கொஞ்சம் தின்னும். நாகர்கோவிலைச் சுற்றி ஓட்டுகிறவருக்கு ரெசின் போதும். பேச்சிப்பாறைக்காரர் மெட்டலுக்குப் போகலாம், ஒரு நிபந்தனையோடு: மலிவு ரோட்டர் பலவற்றில் ரெசின் பேட் மட்டும் என்று அச்சடித்திருப்பார்கள். அதில் மெட்டல் போட்டால் ரோட்டர் சீக்கிரம் போய்விடும். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், 1.5 வந்தால் மாற்ற வேண்டும்.

## எண்ணெய், சூடு, விரல்

டிஸ்க் கிரீச்சென்று கத்தினால் வீட்டில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெயை ஒரு சொட்டு விடுகிறவர்கள் உண்டு. சத்தம் நிற்கும், பிரேக்கும் நிற்கும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே, செயின் ஸ்பிரே எல்லாம் இதே கதைதான், காற்றில் பறந்து ரோட்டரில் படியும். செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மிச்சத்தைத் துணியால் துடையுங்கள். ரோட்டரைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சுத்தமான துணி. கொரோனா காலத்து சானிடைசர் வேண்டாம், அதில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும். எண்ணெய் ஊறிய பேடை அடுப்பில் வாட்டி மீட்கும் வித்தையை நான் நம்பமாட்டேன், புதிது வாங்குங்கள்.

புதுப் பேட், புது ரோட்டர் மாட்டியதும் முழுப் பிடிப்பு கிடைக்காது. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, சக்கரம் பூட்டாமல் நடை வேகத்துக்குக் குறைத்து, ஒவ்வொரு பிரேக்குக்கும் 15–20 முறை செய்யுங்கள். கடையிலிருந்து எடுத்த புது சைக்கிளை நேராக இறக்கத்துக்குக் கொண்டு போவது பைத்தியக்காரத்தனம்.

இறங்கி முடித்ததும் ரோட்டர் கொதிக்கும், தொடாதீர்கள். சுற்றும் ரோட்டரின் துளையில் விரல் போனால் விரல் போகும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக்கிச் சக்கரம் சுற்றி விளையாட விடக் கூடாது. முன் சக்கரத்தைக் கழற்ற உதவும் குவிக் ரிலீஸ் கை சரியாக மூடாமல் தொங்கினால் ரோட்டரில் சிக்கும். 2015-ல் ட்ரெக் நிறுவனம் இந்தக் காரணத்துக்காக அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. மூடிய பிறகு கை ஃபோர்க்கை ஒட்டிப் படிந்திருக்க வேண்டும், மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் வேண்டும்.

ஓட்டும் விதத்திலும் ஒரு வார்த்தை. நம் நாட்டு சைக்கிள்களில் பெரும்பாலும் வலது லிவர் முன் பிரேக், சிலவற்றில் மாறி இருக்கும், ஓட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள், முன்னதைப் படிப்படியாகக் கூட்டுங்கள், உடம்பைப் பின்னால் தள்ளுங்கள். மொட்டை டயரோடு டிஸ்க் வைத்திருப்பது சும்மா.

## யாருக்கு எது?

நகரத்துக்குள் பள்ளி, கடை, கோயில் என்று ஓட்டுகிறவருக்கும், சமதளத்தில் இருப்பவருக்கும், ஒரு செட் கருவிகூட வாங்க விரும்பாதவருக்கும் வி-பிரேக். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.

விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்கு ஈரச் செம்மண் பாதையில் போகிறவருக்குச் சேறு ரிம்மை அடைக்கும், அவருக்கு டிஸ்க் வேண்டும். பக்கத்து ஊர்க் கடையிலேயே சரிசெய்ய வேண்டுமென்றால் கேபிள் டிஸ்க், ஆனால் இரண்டு பக்கமும் நகரும் ரகம். பட்ஜெட் அதற்கு எட்டவில்லையா, வி-பிரேக்கே தேவலை. மலை இறங்குகிறவர்கள், கடலோரத்துக்காரர்கள், கை வலு குறைந்தவர்கள், நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ வருஷத்தில் ஓரிரு முறை சைக்கிளைக் கொண்டு போகச் சலிக்காதவர்கள் மினரல் ஆயில் ஹைட்ராலிக் வாங்கலாம்.

இருக்கிற சைக்கிளை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: வி-பிரேக்கிலிருந்து டிஸ்க்குக்கு என்றால், பிரேமிலும் ஃபோர்க்கிலும் காலிப்பர் மாட்டும் இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். இடம் இருந்தாலும் ஹப் மாற வேண்டும், அதாவது இரண்டு சக்கரமும் மாற வேண்டும், கணக்கு புது சைக்கிளில் பாதிக்கு வந்து நிற்கும். கேபிள் டிஸ்க்கிலிருந்து ஹைட்ராலிக்குக்கு மாறுவது எளிது, பெரும்பாலும் ரோட்டர் அப்படியே உதவும், லிவரும் காலிப்பரும் லைனும் சேர்ந்த செட்டாக வரும். கியர் மாற்றும் பாகமும் பிரேக் லிவரும் ஒரே துண்டாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், அப்படி இருந்தால் கியர் ஷிஃப்டரும் தனியாக வாங்க வேண்டியிருக்கும், இந்தச் செலவைக் கடைக்காரர் பில் போடும்போதுதான் சொல்வார்.